'சார், இசியூ போச்சு!' பழைய காரின் 'மூளை' பழுதானால் மாற்றுவது லாபமா, காரையே கொடுத்துவிடுவது லாபமா?

காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. இல்லையென்றால் சிக்னலில் நிற்கும்போது திடீரென ஆஃப் ஆகிறது. அரை மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காதது போல மறுபடி ஓடுகிறது. பேட்டரி மாற்றியாச்சு, பிளக் மாற்றியாச்சு, பெட்ரோல் பம்ப்பும் மாற்றியாச்சு. கடைசியில் மெக்கானிக் சொல்லும் வார்த்தை இதுதான்: "சார், இசியூ போச்சு."

10, 15 வருடம் ஓடிய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை பெரிய தலைவலி. பல மாடல்களில் புது இசியூவின் விலை பல பத்தாயிரம் ரூபாய். காரை விற்றாலே ஒன்றரை லட்சம்தான் கிடைக்கும் என்ற நிலையில், அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரு சின்னப் பெட்டிக்காகச் செலவழிப்பதா? காயலாங்கடையில் கிடைக்கும் பழைய பெட்டியை வாங்கி மாட்டலாமா? மாட்டினால் வண்டி ஓடுமா? உண்மையிலேயே இசியூதான் பிரச்னையா?

இந்தக் கேள்விகளுக்கான பதில்களைப் பார்ப்போம்.

இசியூ என்றால் என்ன?

என்ஜின் கன்ட்ரோல் யூனிட் என்பதன் சுருக்கம்தான் இசியூ. கையடக்கமான ஒரு உலோகப் பெட்டி. உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, அதில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர், நினைவகச் சிப்கள், இன்ஜெக்டரையும் இக்னிஷன் காயிலையும் இயக்கும் டிரான்சிஸ்டர்கள் இருக்கும்.

கிராங்க் ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது, காற்று எவ்வளவு உள்ளே வருகிறது, என்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம், புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையெல்லாம் சென்சார்கள் மூலம் இசியூ தெரிந்துகொள்கிறது. அதை வைத்து, எந்த நொடியில் எவ்வளவு எரிபொருளைத் தெளிக்க வேண்டும், எப்போது ஸ்பார்க் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறது.

கார்புரேட்டர் காலத்தில் இந்த வேலை முழுக்க இயந்திரங்கள் மூலமே நடந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ, எம்பிஎஃப்ஐ என்ஜினோடு வந்தது. 2000 ஏப்ரல் 1 முதல் யூரோ-1க்கு இணையான புகை விதி நாடு முழுக்க அமலானதும், கார்புரேட்டருக்கு விடை கொடுக்கும் நேரம் வந்தது. அடுத்து வந்த காமன் ரயில் டீசல் என்ஜின்கள் இசியூ இல்லாமல் ஒரு சுற்றுகூடச் சுற்றாது.

அந்த முதல் தலைமுறை கார்களுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. என்ஜின் நன்றாக இருக்கிறது, பாடி நன்றாக இருக்கிறது, ஆனால் எலக்ட்ரானிக்ஸ் கைவிடுகிறது என்ற புகார் வருவதற்குக் காரணம் இதுதான்.

இசியூ ஏன் பழுதாகிறது?

பொதுவாக இசியூ அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள் அல்ல. காரின் ஆயுள் முழுக்க உழைக்கும் அளவுக்குத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். ஆனாலும் சில காரணங்கள் அதைச் சாய்த்துவிடும்.

முதல் எதிரி தண்ணீர். சில கார்களில் இசியூ என்ஜின் பகுதியிலேயே இருக்கும். சிலவற்றில் டேஷ்போர்டுக்குக் கீழே, முன் இருக்கையில் உட்காருபவரின் கால் பக்கம் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய கார்களில் இந்தப் பகுதிகளுக்குள்தான் தண்ணீர் புகுந்தது. வெள்ளமே வர வேண்டும் என்றுகூட இல்லை. கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் துளையை இலை, தழை அடைத்தாலே மழைநீர் உள்ளே இறங்கிவிடும்.

இரண்டாவது, சூடும் அதிர்வும். தினமும் சூடாகி, ஆறி, குலுங்கிக் கொண்டே இருப்பதால், போர்டில் உள்ள ஈயப்பற்றுகளில் மயிரிழை விரிசல் விழும். வண்டி சூடானதும் ஆஃப் ஆகி, ஆறியதும் ஸ்டார்ட் ஆவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது, வயது. போர்டில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் கசியும். 1990-களில் வந்த சில ஜப்பானிய கார்களின் இசியூக்களில் இது உலகம் முழுக்கத் தெரிந்த பிரச்னை. கசிந்த திரவம் போர்டில் உள்ள செம்புக் கோடுகளையே அரித்துவிடும்.

நான்காவது, மனிதத் தவறு. பேட்டரியைப் பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டுவது, ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது வயரைத் தப்பாகக் கொடுப்பது, பேட்டரி ஒயரைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பது ஆகியவை நல்ல இசியூவையும் ஒரே நொடியில் கொன்றுவிடும்.

ஐந்தாவது காரணம்தான் பலர் கவனிக்காதது. இக்னிஷன் காயிலோ இன்ஜெக்டரோ உள்ளே ஷார்ட் ஆனால், அதை இயக்கும் டிரான்சிஸ்டர் இசியூவுக்குள் எரிந்துபோகும். இந்த நிலையில் இசியூவை மட்டும் மாற்றி, பழைய காயிலை அப்படியே விட்டால், புது இசியூவும் அதே வழியில் போகும். காசு இரண்டு முறை கரையும்.

உண்மையிலேயே இசியூதான் பிரச்னையா?

இதுதான் மிக முக்கியமான கேள்வி. ஏனென்றால், இசியூ மீது பழி விழும் பல வண்டிகளில் உண்மையான குற்றவாளி வேறு யாராவது இருப்பார்கள். எலி கடித்த வயர், துருப்பிடித்த எர்த் பாயின்ட், தேய்ந்துபோன ரிலே, பலவீனமான பேட்டரி, ஒரே ஒரு சென்சார் என எதுவாகவும் இருக்கலாம்.

"எதுவும் புரியல, அதனால இசியூவா இருக்கும்" என்பது சோதனை முடிவு அல்ல, யூகம். அந்த யூகத்துக்கு வண்டி உரிமையாளர் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இசியூ மீது நியாயமான சந்தேகம் வர சில அறிகுறிகள் உண்டு:

• சாவியை ஆன் நிலைக்குத் திருப்பும்போது மீட்டரில் செக் என்ஜின் லைட் எரிய வேண்டும். அது எரியவே இல்லை.

• ஸ்கேனரை மாட்டினால் மற்ற யூனிட்கள் பேசுகின்றன, என்ஜின் இசியூ மட்டும் பதில் சொல்லவில்லை.

• ஸ்கேனரில் பி0601, பி0605, பி0606 போன்ற கோடுகள் வருகின்றன. இவை இசியூவின் நினைவகத்திலோ பிராசஸரிலோ கோளாறு என்று இசியூவே சொல்லும் கோடுகள்.

• ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை. காயில், இன்ஜெக்டர், வயரிங் மூன்றும் நன்றாக இருந்தும் இசியூவிலிருந்து சிக்னல் வரவில்லை.

இவை அறிகுறிகள் மட்டுமே. இவற்றில் ஒன்று இருந்தாலும் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

மாற்றுவதற்கு முன் என்னென்ன சோதிக்க வேண்டும்?

ஒரு மல்டிமீட்டர், அந்த மாடலின் வயரிங் வரைபடம், ஒரு ஸ்கேனர். இந்த மூன்றும் இருந்தால் முக்கால்வாசி சந்தேகம் தீர்ந்துவிடும்.

1. பேட்டரி: முழு சார்ஜில், வண்டி நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கினால், இசியூவே சரியாக விழிக்காது. என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

2. இசியூவுக்கு வரும் கரன்ட்: ஃபியூஸ், மெயின் ரிலே வழியாக இசியூ கனெக்டருக்கு முழு வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரிலே பழுதை இசியூ பழுது என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

3. எர்த்: ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில், இசியூவின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.1 வோல்ட் அளவுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. பாடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கி மாட்டியதும் சரியான வண்டிகள் ஏராளம்.

4. 5 வோல்ட் லைன்: பல சென்சார்களுக்கு இசியூ 5 வோல்ட் கொடுக்கிறது. ஏதாவது ஒரு சென்சார் ஷார்ட் ஆனால், அது மொத்த லைனையும் இழுத்துவிடும். இசியூ செத்தது போலவே தெரியும். அப்போது சென்சார்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால், இசியூ உயிரோடுதான் இருக்கிறது. குற்றவாளி அந்த சென்சார்.

5. தகவல் லைன்: கேன் முறை உள்ள கார்களில், பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு கேன் வயர்களுக்கு இடையே அளந்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 ஓம் காட்டினால், இரண்டு முனைகளில் ஒன்று துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தியாவில் பிஎஸ்-4 கார்களுக்கு ஓபிடி-2 விதி 2013 ஏப்ரல் முதல் அமலானது. அதனால் அதற்குப் பிந்தைய கார்களில் சாதாரண ஸ்கேனரே பெரும்பாலான தகவலைப் படிக்கும். அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மொழி பேசும். மலிவான புளூடூத் ஸ்கேனர் கனெக்ட் ஆகவில்லை என்பதை மட்டும் வைத்து, பழைய காரின் இசியூ போச்சு என்று சொல்லிவிட முடியாது.

கரன்ட் சரி, எர்த் சரி, 5 வோல்ட் லைனை எதுவும் இழுக்கவில்லை, வயரிங்கில் அறுப்பு இல்லை. அதற்குப் பிறகும் இசியூ செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றால்தான், "இசியூ போச்சு" என்பது சோதித்துச் சொன்ன முடிவு.

முன்னால் இருக்கும் வழிகள் என்ன?

முதல் வழி, ரிப்பேர். பெட்டியைத் திறந்து, கெட்டுப்போன கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர், வோல்டேஜ் ரெகுலேட்டர் ஆகியவற்றை மாற்றுவது. இதில் பெரிய வசதி, காரின் சொந்தத் தகவல்கள் அதே பெட்டியில் அப்படியே இருக்கும். சாவி, இம்மொபிலைசர் எதையும் தொட வேண்டியதில்லை. செலவும் பொதுவாகக் குறைவு. ஆனால் மெயின் பிராசஸரே போயிருந்தாலோ, தண்ணீர் அரித்து போர்டின் உள் அடுக்குகள் கெட்டிருந்தாலோ ரிப்பேர் நிலைக்காது.

இரண்டாவது, ஷோரூம் வழியாகப் புது இசியூ. பாதுகாப்பான வழி, பில், வாரன்டி கிடைக்கும். விலை அதிகம். பழைய மாடல் என்றால் "ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டுப் பார்க்கிறோம்" என்ற பதில் வரலாம். வந்த பாகத்தில் உங்கள் காருக்கான புரோகிராமை ஏற்றும் கூலி தனி. மின் பாகங்களைப் பொருத்திய பிறகு பொதுவாகத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் சோதனை முடிவு உறுதியாகாமல் ஆர்டர் போடக் கூடாது.

மூன்றாவது, பழைய இசியூ. சென்னை புதுப்பேட்டை, டெல்லி மாயாபுரி, மும்பை குர்லா போன்ற இடங்களில் கழித்துக்கட்டிய கார்களிலிருந்து எடுத்தது கிடைக்கும். விலை குறைவு. ஆனால் அந்தப் பெட்டி எந்த வண்டியிலிருந்து வந்தது, வெள்ளத்தில் மூழ்கியதா என்பது கேட்டால்தான் தெரியும், சில நேரம் கேட்டாலும் தெரியாது.

நான்காவது, குளோனிங். பழைய பெட்டியின் நினைவகத்தில் இருக்கும் தகவலை அப்படியே எடுத்து, அதே எண் கொண்ட இன்னொரு பெட்டியில் எழுதுவது. இதற்கு உங்கள் காரின் பழைய இசியூவின் நினைவகச் சிப்பாவது உயிரோடு இருக்க வேண்டும். அதனால்தான் கெட்டுப்போன இசியூவைத் தூக்கி எறியவோ, மெக்கானிக்கிடம் விட்டுவரவோ கூடாது. அதற்குள் இருக்கும் தகவல்தான் உங்கள் காரின் ஜாதகம்.

கழற்றி மாட்டினால் மட்டும் ஏன் ஓடாது?

ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே நிறத்துக் கார். அதன் இசியூவை எடுத்து இதில் மாட்டினால் என்ஜின் ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் நின்றுவிடுகிறது, அல்லது ஸ்டார்ட்டே ஆகவில்லை. ஏன்?

காரணம் இம்மொபிலைசர். சாவியின் தலைப்பகுதிக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. சாவியைப் போட்டதும் அந்தச் சிப்பின் ரகசிய எண் சரிபார்க்கப்படும். பிறகுதான் இசியூ எரிபொருள் தெளிக்க அனுமதிக்கும். வேறு காரின் இசியூ, அந்தக் காரின் சாவியைத்தான் எதிர்பார்க்கும். உங்கள் சாவி அதற்கு அந்நியன். அதனால் புது இசியூவோடு சாவியைச் சேர்த்துப் பதிய வேண்டும், அல்லது பழைய இசியூவின் பாதுகாப்புத் தகவலைப் புதியதில் எழுத வேண்டும்.

அடுத்து, எண். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இசியூக்களில், ஒன்று ஏசி உள்ள மாடலுக்கும் மற்றொன்று ஏசி இல்லாத மாடலுக்கும், அல்லது ஒன்று பிஎஸ்-3க்கும் மற்றொன்று பிஎஸ்-4க்கும் ஆனதாக இருக்கலாம். கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காக உள்ளே இருக்கும் புரோகிராமும் பொருந்தும் என்று அர்த்தம் இல்லை.

டீசல் கார்களில் இன்னொரு வேலை உண்டு. பல காமன் ரயில் இன்ஜெக்டர்களின் தலையில் ஒரு கோடு எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் தெளிக்கும் அளவில் உள்ள நுட்பமான வித்தியாசத்தை அந்த எண் இசியூவுக்குச் சொல்லும். இசியூ மாற்றினால் அந்த எண்களைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் வண்டி ஓடும், ஆனால் நடுக்கமும் புகையும் கூடும்.

மழைநீரில் மூழ்கிய காருக்கு என்ன செய்ய வேண்டும்?

வண்டிக்குள் தண்ணீர் வந்திருந்தால், "ஓடுதான்னு ஒரு தடவை பார்த்துடுவோம்" என்று சாவியைத் திருப்பாதீர்கள். போர்டில் ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால், செம்புக் கோடுகள் வேகமாக அரிக்கும். ஈரமாக இருந்து, மின்சாரம் பாயாமல், சீக்கிரம் சுத்தம் செய்யப்பட்ட போர்டு பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

பேட்டரியின் மைனஸ் டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும். பிறகு வண்டியை டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். இசியூவைக் கழற்றி, திறந்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, முழுக்கக் காய வைப்பது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. கனெக்டர்களுக்குள் தங்கும் தண்ணீரையும் மறக்கக் கூடாது. இன்று ஓடும் வண்டி, பச்சை பூத்த பின்னால் மூன்று மாதம் கழித்து நிற்கலாம்.

இன்சூரன்ஸ் தருமா?

வயதானதால், தேய்மானத்தால், தானாகவே ஏற்பட்ட மின் கோளாறால் இசியூ போனால், வழக்கமான ஓன் டேமேஜ் பாலிசி பணம் தராது. தர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்கும் எதுவும் கிடையாது.

வெள்ளம், விபத்து, தீ ஆகியவற்றால் போனால் ஓன் டேமேஜ் பாலிசியில் கேட்கலாம். ஆனால் பழைய காருக்கு தேய்மானக் கழிவு உண்டு. 5 முதல் 10 வயதுக்குட்பட்ட காரின் பாகங்களுக்குப் பொதுவாக 40 சதவீதம், 10 வயதைத் தாண்டினால் 50 சதவீதம் கழிப்பார்கள். அதாவது 40,000 ரூபாய் பாகத்துக்கு 12 வயது காரில் சுமார் 20,000 ரூபாய்தான் கணக்கில் வரும். அதிலும் கட்டாயக் கழிவுத் தொகை போகும். 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய்.

தண்ணீரில் நிற்கும்போது ஸ்டார்ட் செய்ததால் ஏற்பட்ட என்ஜின் சேதத்தை நிறுவனங்கள் மறுப்பது வழக்கம். அதற்கு என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு தனியாக எடுத்திருக்க வேண்டும்.

கம்பெனியே போய்விட்டால்?

ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. சர்வீஸும் ஸ்பேர் பார்ட்ஸும் தொடரும் என்று அப்போது அந்த நிறுவனம் சொன்னது. அதற்கு முன்பே, 2017-ல் ஜெனரல் மோட்டார்ஸ் செவர்லே கார்களை இங்கு விற்பதை நிறுத்தியது. இப்படிப்பட்ட கார்களை வைத்திருப்பவர்களுக்கு, இசியூ போன்ற எலக்ட்ரானிக் பாகம்தான் பெரிய கவலை. பிரேக் பேடை வேறு கம்பெனி தயாரித்து விற்கும். பூட்டு போட்ட புரோகிராம் உள்ள பெட்டியை அப்படி யாரும் எளிதில் தயாரிக்க முடியாது.

இங்குதான் 'ரிப்பேர் செய்யும் உரிமை' என்ற பெரிய விவாதம் வருகிறது.

ஸ்பேர் பார்ட்ஸையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்து இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இந்த உரிமைக்கான கட்டமைப்பை உருவாக்க ஒரு குழு அமைத்தது. செல்போன், வீட்டு உபயோகப் பொருள், விவசாயக் கருவி ஆகியவற்றோடு வாகனத் துறையும் அதில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஒரு இணையதளமும் தொடங்கப்பட்டது.

ஆனால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் வந்தது போல, கார் சோதனைத் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்ற தனிச் சட்டம் இங்கு இல்லை. அதனால் தெருமுனை மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், சில பூட்டுகளைத் திறக்க அவர் ஷோரூமையோ, கம்பெனி அங்கீகரிக்காத கருவியையோதான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு கடைசியில் வண்டி உரிமையாளரின் பில்லில்தான் ஏறுகிறது.

சட்டச் சிக்கல் ஏதாவது வருமா?

அதே மாடலுக்கான, அதே விவரம் கொண்ட இசியூவை மாற்றுவது ரிப்பேர்தான். அதில் தவறு இல்லை.

ஆனால் "இசியூ மாத்தும்போதே பவரையும் கூட்டிடலாம் சார்" என்று யாராவது சொன்னால் உஷாராக வேண்டும். புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளை ஆஃப் செய்யும் புரோகிராமை ஏற்றினால், நிறுவனம் சான்று பெற்ற நிலையிலிருந்து வண்டி மாறிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்கிறது. 182-ஏ பிரிவின்படி அப்படிப்பட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

பழைய இசியூ வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். திருட்டு வண்டியின் பாகம் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின் கீழ் குற்றம்.

மாற்றுவதா, வண்டியைக் கொடுத்துவிடுவதா?

இசியூவின் விலையைக் காரின் விற்பனை விலையோடு மட்டும் ஒப்பிடுவதுதான் பலர் செய்யும் தவறு. கணக்கு அப்படி அல்ல.

உதாரணத்துக்கு, ஓடும் நிலையில் ஒன்றரை லட்சம் ரூபாய் போகும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். இசியூ வேலைக்கு மொத்தம் 35,000 ரூபாய் எஸ்டிமேட். இதே கார் ஓடாத நிலையில் 60,000 ரூபாய்க்குத்தான் கேட்கிறார்கள் என்றால், ரிப்பேர் செய்து விற்பதில்கூட 55,000 ரூபாய் மிச்சம். விற்காமல் ஓட்டினால், அதே தரத்தில் இன்னொரு பழைய கார் வாங்க ஆகும் செலவோடு அந்த 35,000 ரூபாயை ஒப்பிட வேண்டும். புதிதாக வாங்கும் பழைய காரில் என்ன பழுது ஒளிந்திருக்கிறது என்பது தெரியாது. இந்தக் காரைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

ஆனால் கணக்கு மறுபக்கம் சாயும் நேரமும் உண்டு. காரின் ஆர்சி 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக 2022 ஏப்ரலில் உயர்ந்தது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கப்பட்டது. அடுத்த ஆறு மாதத்தில் ஆர்சி முடிகிறது, பாடியில் துரு, கிளட்ச் வேலை, டயர் வேலை எல்லாம் வரிசையில் நிற்கிறது என்றால், இசியூ அந்த வரிசையின் முதல் பில் மட்டுமே.

அப்படிப்பட்ட வண்டியை அங்கீகரிக்கப்பட்ட ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்துப் புதுக் கார் வாங்கும்போது, சொந்த உபயோக வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்கிறது மத்திய அரசின் ஸ்கிராப்பிங் விதி. மாநிலத்தின் அறிவிப்பைப் பொறுத்து அளவு மாறும். ஆர்சியும் முறையாக ரத்தாகும். காயலாங்கடையில் வெறும் கையெழுத்தில் கொடுத்துவிட்டால், அந்த வண்டியின் எண் நாளை வேறெங்காவது ஓடினாலும் பதில் சொல்ல வேண்டியது பழைய உரிமையாளர்தான்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

"இசியூ போச்சு" என்று சொன்னதும் பணத்தை எடுப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

• இசியூ கனெக்டரில் கரன்ட்டும் எர்த்தும் அளந்து பார்த்தீர்களா? எவ்வளவு வந்தது?

• 5 வோல்ட் லைனில் எந்த சென்சாரும் ஷார்ட் இல்லை என்று எப்படித் தெரிந்தது?

• இந்த இசியூ எதனால் போனது? அந்தக் காரணத்தைச் சரிசெய்தாச்சா?

• முதலில் ரிப்பேருக்குக் கொடுத்துப் பார்க்க முடியுமா?

• மாட்டப்போகும் பெட்டியின் பார்ட் நம்பர் பழையதோடு பொருந்துகிறதா? போட்டோ எடுத்துக் காட்ட முடியுமா?

• இரண்டு சாவிகளும் வேலை செய்யுமா? புரோகிராமிங் கூலி எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்கிறதா?

• எத்தனை நாள் வாரன்டி? பழைய இசியூவைத் திருப்பித் தருவீர்களா?

இந்தக் கேள்விகளுக்கு அளந்த எண்களோடு பதில் சொல்பவரிடம் வண்டியைத் தைரியமாக விடலாம். "அதெல்லாம் எதுக்கு சார், மாத்தினா சரியாயிடும்" என்று சொன்னால், வண்டியை இன்னொரு இடத்தில் காட்டுவதுதான் நல்லது. வண்டியை டோ செய்து கொண்டுபோக ஆகும் செலவு, தேவையில்லாமல் வாங்கும் ஒரு இசியூவின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.